இயங்குதளத்தின் பெயர் மாறும்போது ஆவணங்களைச் சீராக வைத்திருப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

இயங்குதளம் ஒன்றின் பெயர் மாறியதாக அறிவிப்பு வந்ததும், ஆவணக் குழுவில் யாராவது ஒருவர் "தேடி மாற்றிவிட்டால் போகிறது, அரை மணி நேர வேலை" என்பார். அந்த அரை மணி நேர வேலையின் விளைவுகளை அடுத்த ஆறு மாதத்துக்கு மற்றவர்கள் திருத்திக்கொண்டிருப்பார்கள். ஓடாத கட்டளைகள், உடைந்த இணைப்புகள், திடீரென ஆங்கிலத்துக்குத் திரும்பிவிட்ட மொழிபெயர்ப்புகள் எல்லாம் அதில் அடக்கம்.

ஆவணத்தில் ஒரு பெயர் வரும் ஒவ்வோர் இடத்திலும் அது ஒரே வேலையைச் செய்வதில்லை. ஓரிடத்தில் வாசகருக்கு விளக்கம் சொல்கிறது. இன்னோரிடத்தில் கணினிக்கு இடப்படும் கட்டளையின் பகுதியாக நிற்கிறது. வேறோரிடத்தில் பழைய நிகழ்வு ஒன்றைப் பதிவு செய்கிறது. எங்கே என்ன வேலை என்று பிரித்தறிவதில்தான் உழைப்பு முழுவதும் இருக்கிறது. மாற்றுவது சுலபம்.

பெரும்பாலான எடுத்துக்காட்டுகளை ஆப்பிளின் மேக் இயங்குதளத்திலிருந்து எடுத்திருக்கிறேன். 2001-இல் மேக் ஓஎஸ் எக்ஸ் என்று வந்தது, 2012-இல் ஓஎஸ் எக்ஸ் ஆனது, 2016-இல் மேக்ஓஎஸ் ஆனது. ஆவணம் எழுதுபவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சிக்களம் கிடைக்காது.

முதல் படி: உண்மையில் என்ன மாறியது என்று பாருங்கள்

பெயர் மாற்றம் என்று அறிவிக்கப்படும் எல்லாமே பெயர் மாற்றம் இல்லை. கோப்புகளைத் தொடுவதற்கு முன் இது எந்த வகை என்று முடிவு செய்ய வேண்டும்.

பெயர் மட்டும் மாறுவது சுலபமான வகை. 2018-இல் ஆண்ட்ராய்டு வேர் என்பது வேர் ஓஎஸ் ஆனது. ஐபிஎம்மின் ஓஎஸ்/400, 2004-இல் ஐ5/ஓஎஸ் ஆகி, 2008-இல் ஐபிஎம் ஐ ஆனது. அடியில் இருக்கும் பொருள் தொடர்ச்சியானது, பெயர்ப்பலகைதான் மாறியது.

பதிப்பு எண்ணும் சேர்ந்து மாறினால் வேலை கூடும். மேக்ஓஎஸ் 10.15-க்கு அடுத்தது 2020-இல் 11 ஆனது. 15-க்கு அடுத்தது 2025-இல் 26 ஆகத் தாவியது. "10.-இல் தொடங்கும் எல்லாப் பதிப்புகளும்" என்று எழுதி வைத்தவர்கள் முதல் தாவலிலேயே மாட்டிக்கொண்டார்கள். "16-ஆம் பதிப்பில் இது நீக்கப்படும்" என்று முன்கூட்டியே எழுதியவர்களுக்கு இரண்டாவது தாவல் காத்திருந்தது. இன்னும் வெளிவராத பதிப்பின் எண்ணை ஆவணத்தில் எழுதவே கூடாது என்பது என் கட்சி.

ஒன்று இரண்டாகப் பிரிவது அடுத்த வகை. 2019-இல் 13-ஆம் பதிப்போடு ஐபேடுக்கான இயங்குதளம் ஐபேட்ஓஎஸ் என்று தனியானது. அதற்கு முந்தைய பதிப்புகள் ஐபேடிலும் ஐஓஎஸ்தான். "ஐஓஎஸ்ஸில் இயங்கும்" என்ற பழைய வாக்கியத்தை இனி "ஐஓஎஸ், ஐபேட்ஓஎஸ்" என்று விரிக்க வேண்டுமா, ஐபோனை மட்டும் குறித்ததா என்பதை வாக்கியத்துக்கு வாக்கியம் படித்துத்தான் சொல்ல முடியும்.

கடைசி வகைதான் ஆபத்தானது: பெயர் ஒத்திருக்கும், பொருள் வேறாக இருக்கும். சென்ட்ஓஎஸ் லினக்ஸ், ரெட்ஹேட் நிறுவனம் பெரிய அமைப்புகளுக்காக வெளியிடும் லினக்ஸின் நிறுவனப் பதிப்பு வெளியான பிறகு அதன் மூலநிரலிலிருந்து கட்டப்பட்டது. சென்ட்ஓஎஸ் ஸ்ட்ரீம் அதே நிறுவனப் பதிப்பின் அடுத்த வெளியீட்டுக்கு முன்னோடியாகச் செல்வது. சென்ட்ஓஎஸ் லினக்ஸ் 8-க்கான ஆதரவு 2021 டிசம்பர் 31-இல் முடிந்தபோது, அந்தப் பெயர் இருந்த இடத்திலெல்லாம் ஸ்ட்ரீம் என்று போட்டால் ஆவணம் பொய் சொல்லத் தொடங்கிவிடும். இந்த வகைக்கு இந்த வழிகாட்டி உதவாது. சோதனைகளை மறுபடி ஓட்டி, எது இயங்குகிறது என்று பார்த்துப் புதிதாக எழுத வேண்டும்.

இரண்டாம் படி: கொள்கையை ஒரு பக்கத்தில் எழுதுங்கள்

மாற்றம் தொடங்குவதற்கு முன் குழு ஒப்புக்கொண்ட முடிவுகள் எழுத்தில் இருக்க வேண்டும். வாய்மொழியாக முடிவெடுத்தால் மூன்றாவது வாரத்தில் மூன்று விதமான எழுத்துமுறை முளைத்திருக்கும்.

பெயரை எப்படி எழுதுவது என்பதில் உரிமையாளர் எழுதுவதையே பின்பற்றுங்கள். மேக்ஓஎஸ்ஸின் ஆங்கில வடிவத்தில் முதல் மூன்று எழுத்துகள் சிறியவை, கடைசி இரண்டு பெரியவை, நடுவில் இடைவெளி கிடையாது. வாக்கியத்தின் தொடக்கத்தில் வந்தாலும் முதலெழுத்தைப் பெரிதாக்கக் கூடாது. அது கண்ணை உறுத்தினால் வாக்கியத்தை மாற்றி எழுதுங்கள், பெயரை மாற்றாதீர்கள்.

உண்மையான சண்டை பழைய பதிப்புகளை எப்படிக் குறிப்பிடுவது என்பதில்தான் வரும். 10.9 வெளிவந்தபோது அதன் பெயர் ஓஎஸ் எக்ஸ். "மேக்ஓஎஸ் 10.9 அல்லது அதற்குப் பிந்தையது" என்று எழுதினால் வரலாற்றுப்படி தவறு. "ஓஎஸ் எக்ஸ் 10.9 அல்லது அதற்குப் பிந்தையது" என்று எழுதினால் இன்று புதிய கணினி வாங்கிய வாசகர், இது தனக்குப் பொருந்துமா என்று குழம்புவார். இதற்கு நான் பரிந்துரைக்கும் விதி எளியது. பதிப்பு எல்லையின் மேல்முனை திறந்திருந்தால் புதிய பெயர். இரு முனைகளும் பழைய பெயர்க் காலத்துக்குள் மூடியிருந்தால் பழைய பெயர். ஆக, "மேக்ஓஎஸ் 10.9 அல்லது அதற்குப் பிந்தையது" என்பதும் சரி, "ஓஎஸ் எக்ஸ் 10.8 முதல் 10.11 வரை" என்பதும் சரி. வரலாற்றுத் துல்லியத்தை விரும்புபவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் நிறுவல் பக்கத்தைத் திறப்பவர் வரலாறு படிக்க வரவில்லை.

"முன்பு ஓஎஸ் எக்ஸ் என அழைக்கப்பட்டது" என்ற குறிப்பு எங்கே வர வேண்டும் என்பதையும் இதே பக்கத்தில் முடிவு செய்யுங்கள். ஆவணத் தொகுப்பின் முன்னுரையிலும் நிறுவல் பக்கத்திலும் ஒருமுறை வந்தால் போதும். பக்கத்துக்குப் பக்கம் போட்டால் யாருமே படிக்க மாட்டார்கள்.

மூன்றாம் படி: பெயர் எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று பட்டியலிடுங்கள்

கோப்புகளுக்குள் உரையைத் தேடும் கிட் கிரெப் கட்டளையைக் கொண்டு தேடத் தொடங்கும்போது பழைய அதிகாரபூர்வப் பெயரை மட்டும் தேடினால் பாதிகூடக் கிடைக்காது. எழுதியவர்கள் அவரவர் விருப்பப்படி எழுதியிருப்பார்கள்: ஓஎஸ்ஸுக்கும் எக்ஸுக்கும் நடுவே இடைவெளி இல்லாமல், கோட்டுக்குறி போட்டு, முழுவதும் சிறிய எழுத்தில், முன்னால் மேக் சேர்த்து, சேர்க்காமல், சில இடங்களில் வெறும் 'மேக்' என்று. இவை அனைத்தையும் தனித்தனியாகத் தேடி, எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கிரெப் ஒரு வரிக்குள்தான் தேடும். பத்தியை வரி மடித்து எழுதிய கோப்புகளில் 'ஓஎஸ்' ஒரு வரியின் கடைசியிலும் 'எக்ஸ்' அடுத்த வரியின் முதலிலும் இருந்தால் அது கண்ணில் படாது. இரண்டு சொற்களும் பிரியக் கூடாது என்று யாரோ அக்கறையாக உடையா இடைவெளியைப் போட்டிருந்தால் அதுவும் தப்பிவிடும். எனவே சொற்களுக்கு இடையில் எந்த வகை வெற்றிடமும் வரலாம் என்று ரெகுலர் எக்ஸ்பிரஷனை (தேடல் வடிவத்தை) எழுதி, பல வரிகளைச் சேர்த்துப் பார்க்கும் கருவி ஒன்றால் இன்னொரு முறை தேடுங்கள்.

ஆவணக் கோப்புறையோடு நின்றுவிடக் கூடாது. நிரலின் உதவிச் செய்தி, பிழைச் செய்தி, மேன் பக்கங்கள் (கட்டளைகளுக்கான கையேட்டுப் பக்கங்கள்), மாதிரி அமைவுக் கோப்புகளில் உள்ள குறிப்புரைகள், படங்களின் மாற்று உரை, தேடுபொறிக்கான பக்க விளக்கம், சொல்லடைவு, கோப்புப் பெயர்கள் எல்லாவற்றையும் சேருங்கள். பிழைச் செய்தி முக்கியம். நிரலில் அது மாறாமல் ஆவணத்தில் மட்டும் மாறினால், செய்தியை அப்படியே நகலெடுத்துத் தேடும் வாசகருக்கு உங்கள் பக்கம் கிடைக்காது.

நான்காம் படி: வகை பிரியுங்கள்

நேரத்தில் பெரும்பகுதி இங்கே போகும், போகவும் வேண்டும். கிடைத்த ஒவ்வோர் இடத்தையும் ஓர் அட்டவணையில் போட்டு, பக்கத்தில் வகையைக் குறியுங்கள்.

இன்றைய நிலையை விளக்கும் உரைநடையை மாற்ற வேண்டும். வெளியீட்டுக் குறிப்புகள், மாற்றப் பதிவுகள் போன்ற பழைய பதிவுகளை மாற்றக் கூடாது. 2013-இல் "ஓஎஸ் எக்ஸில் இந்தப் பிழை சரிசெய்யப்பட்டது" என்று எழுதியிருந்தால் அது அப்படியே இருக்கட்டும். பிறரின் கட்டுரைத் தலைப்பு, மேற்கோள், வெளி இணைப்பு ஆகியவை உங்களுடையவை அல்ல, தொடாதீர்கள். திரையில் தெரியும் பட்டி, பொத்தான் பெயர்கள் எந்தப் பதிப்பில் எப்படித் தெரிகின்றனவோ அப்படியே இருக்க வேண்டும்.

மிஞ்சுவது இயந்திரம் பேசும் பெயர்கள். விபத்துகளில் பெரும்பாலானவை இங்கேதான் நடக்கின்றன.

இயங்குதளத்தின் வணிகப் பெயர் ஒரே நாளில் மாறும். அதன் உள்ளே இருக்கும் அடையாளங்கள் மெதுவாக மாறும், அல்லது மாறவே மாறாது. மேக்கில், இயங்குதளத்தின் பெயரைச் சொல்லும் யூநேம் கட்டளை, அதன் அடித்தளத்தின் பெயரான டார்வின் என்றுதான் அன்றும் இன்றும் விடை தருகிறது. பைத்தான் மொழியில் தளத்தின் பெயரைத் தரும் சிஸ்.பிளாட்ஃபார்ம் மதிப்பும், கோ மொழியின் இலக்குப் பெயரும் அதே டார்வின்தான். ஜாவாவிடம் இயங்குதளத்தின் பெயரைக் கேட்டால் மேக் ஓஎஸ் எக்ஸ் என்கிறது. நிரல் இயங்கத் தேவையான குறைந்தபட்சப் பதிப்பைக் கட்டமைப்புக் கருவிக்குச் சொல்லும் சூழல் மாறியின் பெயர் மேக்ஓஎஸ்எக்ஸ்_டிப்ளாய்மென்ட்_டார்கெட். சிமேக் என்ற கட்டமைப்புக் கருவியில் அதே வேலையைச் செய்யும் மாறியின் பெயரில் ஓஎஸ்எக்ஸ் என்றே இருக்கிறது. இவற்றில் ஒரு எழுத்தைச் 'சரிசெய்தாலும்' வாசகரின் கட்டளை வேலை செய்யாது. அதைவிட மோசம், பல நேரங்களில் பிழைச் செய்திகூட வராது. தெரியாத பெயரில் ஒரு சூழல் மாறி இருந்தால் கட்டமைப்புக் கருவி அதைக் கண்டுகொள்ளாமல் போய்விடும். கிடைக்கும் நிரல் பழைய கணினியில் திறக்காதபோதுதான் விஷயம் தெரியவரும்.

ஆப்பிளுக்கு மட்டும் உரிய கதையில்லை இது. சொலாரிஸ் இயங்குதளத்தில் யூநேம் இன்னும் சன்ஓஎஸ் என்கிறது. விண்டோஸ் 11-இல் உலாவி அனுப்பும் அடையாள வரியில் விண்டோஸ் என்டி 10.0 என்றுதான் இருக்கிறது. 64 பிட் விண்டோஸிலும் பைத்தான் தரும் தளப் பெயர் வின்32.

எஸ்டபிள்யூ_வெர்ஸ் கட்டளையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். மேக்கின் பதிப்பை அறிய உதவும் இந்தக் கட்டளை, வெளியீட்டின் முதல் வரியில் பொருளின் பெயரைத் தரும். 2016-இல் பெயர் மாறிய பிறகும், 10.15 வரை அந்த வரியில் மேக் ஓஎஸ் எக்ஸ் என்றே வந்தது. 2020-இல் 11-ஆம் பதிப்பில்தான் மேக்ஓஎஸ் ஆனது. இந்த நான்கு ஆண்டு இடைவெளியில், எதிர்பார்க்கும் வெளியீடு என்று ஆவணத்தில் காட்டிய வரியைப் புதிய பெயருக்கு மாற்றியவர் வாசகரைக் குழப்பினார். 2020-க்குப் பிறகும் மாற்றாமல் விட்டவரும் குழப்பினார். அந்தப் பெயரை ஒப்பிட்டு முடிவெடுக்கும் மாதிரி ஸ்கிரிப்ட் ஆவணத்தில் இருந்தால் இரண்டு பெயர்களையும் ஏற்கும்படி எழுதுங்கள். டார்வின் என்ற விடையை நம்பி எழுதினால் இன்னும் நல்லது.

மாற்றக் கூடாத பெயரை மாற்றாமல் விட்டால் மட்டும் போதாது, காரணத்தையும் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். "இந்த மாறியின் பெயரில் பழைய பெயரே தொடர்கிறது, அப்படியே தட்டச்சு செய்யவும்" என்று ஒரு வரி. அது இல்லாவிட்டால் நல்லெண்ணம் கொண்ட பங்களிப்பாளர் ஒருவர் என்றாவது ஒரு நாள் அதைத் திருத்தி அனுப்புவார்; அவசரத்தில் இருக்கும் ஒருவர் அதை ஏற்றும்விடுவார்.

ஐந்தாம் படி: மாற்றுங்கள், ஆனால் வரிசையாக

நீளமான பெயரை முதலில் மாற்றுங்கள். ஓஎஸ் எக்ஸ் என்பதை முதலில் மேக்ஓஎஸ் ஆக்கினால், மேக் ஓஎஸ் எக்ஸ் இருந்த இடமெல்லாம் "மேக் மேக்ஓஎஸ்" ஆகிவிடும். மேக் ஓஎஸ் எக்ஸை முதலில் முடித்து, அதன் பிறகு ஓஎஸ் எக்ஸுக்கு வாருங்கள்.

பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைப் புறக்கணித்துத் தேடி மாற்றுவது இங்கே விஷப் பரீட்சை. மேக் ஓஎஸ் 9 என்பது 2001-க்கு முந்தைய, முற்றிலும் வேறான இயங்குதளம். இடைவெளியையும் எழுத்தளவையும் பொருட்படுத்தாத விதி ஒன்று அதையும் மேக்ஓஎஸ் 9 ஆக்கிவிடும். படிப்பவருக்கு இரண்டும் ஒரே குடும்பம் என்று தோன்றும். ஐஓஎஸ் என்ற பெயரிலும் இதே வம்பு உண்டு: சிஸ்கோவின் நெட்வொர்க் கருவிகளில் ஓடும் இயங்குதளமும் ஆங்கிலத்தில் அதே மூன்று எழுத்துகள்தான், முதலெழுத்தின் அளவு மட்டும் வேறு.

எழுத்தைத் தாண்டியும் சில மாறும். ஆங்கில மூலத்தில் பழைய பெயருக்கு முன் உயிரொலிக்குரிய 'an' வந்திருக்கும். புதிய பெயருக்கு அது பொருந்தாது. அகரவரிசைப் பட்டியலில் நெட்பிஎஸ்டி என்ற இயங்குதளத்துக்குப் பின்னால் இருந்த பெயர் இப்போது அதற்கு முன்னால் போக வேண்டும். ரீஸ்ட்ரக்சர்ட்டெக்ஸ்ட் என்ற ஆவணக் குறியீட்டு வடிவில் எழுதுபவர்களுக்கு இன்னொரு பொறி: பழைய பெயர் இடைவெளியோடு நான்கு எழுத்து, புதியது ஐந்து. தலைப்பின் அடிக்கோடு தலைப்பைவிடக் குட்டையாகிவிட்டால் எச்சரிக்கை வரும். கட்டம் கட்டிய அட்டவணையில் ஒரு எழுத்து கூடினால் அட்டவணையே உடையும்.

நிரல் பகுதிகளைத் தவிர்த்து, உரைநடையில் மட்டும் மாற்றும் ஸ்கிரிப்டை எழுதிக்கொள்ளுங்கள். மாற்றங்களை அத்தியாயம் அத்தியாயமாகத் தனித்தனி கமிட்டுகளாக, அதாவது பதிவு செய்யப்படும் மாற்றத் தொகுதிகளாகப் பிரியுங்கள். ஆயிரம் வரி மாற்றத்தை ஒரே மூச்சில் சரிபார்க்கச் சொன்னால் யாரும் படிக்காமல் சரி என்பார்கள். பெயர் மாற்றும் கமிட்டில் வேறு எந்தத் திருத்தமும் செய்யாதீர்கள். வழியில் தென்படும் எழுத்துப்பிழை எவ்வளவு உறுத்தினாலும் குறித்து வைத்துக்கொண்டு பிறகு பாருங்கள்.

பெயரை ஒரு மாறியாக வைத்து, அடுத்த முறை ஓரிடத்தில் மட்டும் மாற்றலாமே என்று இந்தக் கட்டத்தில் யாராவது கேட்பார்கள். உங்கள் சொந்தப் பொருளின் பெயருக்கு அது நல்ல யோசனை. இயங்குதளத்தின் பெயருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். மூடிய எல்லைகளில் பழைய பெயரும் திறந்த எல்லைகளில் புதிய பெயரும் வேண்டும் என்று முடிவு செய்த பிறகு, ஒரே மாறி இரண்டுக்கும் உதவாது. வேற்றுமை உருபு ஏற்கும் மொழிகளில் அது மொழிபெயர்ப்பாளரின் கையையும் கட்டிவிடும்.

ஆறாம் படி: இணைப்புகள், படங்கள்

தலைப்பு மாறினால், அதிலிருந்து தானாக உருவாகும் உள்முகவரியும் மாறும். வெளியிலிருந்து அந்தப் பகுதியைச் சுட்டிய இணைப்புகள் பக்கத்தின் உச்சியில் கொண்டுபோய் விட்டுவிடும். பிழை என்று எதுவும் காட்டாததால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. தலைப்பை மாற்றும் முன்பே பழைய உள்முகவரியை வெளிப்படையான அடையாளமாக அங்கே பதித்துவிடுங்கள். கோப்பின் பெயர் மாறினால் பழைய முகவரியிலிருந்து 301 வகை நிரந்தரத் திசைமாற்றம் வையுங்கள். கோப்பின் பெயரை மாற்றித்தான் ஆக வேண்டுமா என்று ஒருமுறை யோசிப்பதும் நல்லது. முகவரியில் பழைய பெயர் இருந்தால் பெரும்பாலும் யாருக்கும் நட்டமில்லை.

திரைப்பிடிப்புகளில் பழைய பெயர் தெரிந்தால், அந்தத் திரை இன்றைய பதிப்பிலும் அப்படியே இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இல்லையென்றால் புதிதாக எடுங்கள். படத்தில் எழுத்தை மட்டும் ஒட்டுப்போட்டு மாற்றாதீர்கள்.

ஏழாம் படி: பழைய கிளைகளும் மொழிபெயர்ப்புகளும்

ஆதரவு முடிந்த பதிப்புகளின் ஆவணங்களை அப்படியே விடுங்கள். ஆதரவு உள்ள பழைய கிளைகளில் (பழைய பதிப்புகளுக்கான ஆவணப் பிரதிகளில்) நிறுவல் பக்கத்தை மட்டும் திருத்தினால் பெரும்பாலும் போதும். புதிய கணினியில் பழைய பதிப்பை நிறுவ வருபவர் முதலில் அங்கேதான் வருவார்.

மொழிபெயர்ப்பில் ஏற்படும் சேதம் பலருக்கும் தெரிவதில்லை. கெட்டெக்ஸ்ட் என்ற மொழிபெயர்ப்பு முறையில் மூல வாக்கியத்தில் ஒரு சொல் மாறினாலே, அதன் மொழிபெயர்ப்பு 'ஐயத்துக்குரியது' என்று குறிக்கப்படும். அப்படிக் குறிக்கப்பட்டவை இறுதி வெளியீட்டில் இயல்பாகச் சேர்க்கப்படுவதில்லை. ஆக, ஆங்கிலத்தில் பெயரை மாற்றிய மறுநாள், முழுமையாக இருந்த மொழிபெயர்ப்பின் நடுநடுவே ஆங்கிலப் பத்திகள் தலைகாட்டும். பெயர் மட்டுமே மாறிய வாக்கியங்களில் மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் ஒரே ஸ்கிரிப்டால் சேர்த்து மாற்றி, அந்த மொழிக் குழுவுக்கு ஒரு பார்வைக்கு அனுப்புங்கள். வெளியீட்டுக்கு முந்தைய வாரத்தில் இதைச் செய்யவே செய்யாதீர்கள்.

தமிழ் போன்ற மொழிகளில் அந்த ஸ்கிரிப்ட் எல்லாவற்றையும் செய்துவிடாது. 'ஓஎஸ் எக்ஸில்', 'ஓஎஸ் எக்ஸுக்கு' என்று உருபோடு ஒட்டியிருப்பவை 'மேக்ஓஎஸ்ஸில்', 'மேக்ஓஎஸ்ஸுக்கு' என்று ஆக வேண்டும். கண்மூடித்தனமாக மாற்றினால் 'மேக்ஓஎஸ்ில்' என்பது போன்ற உடைந்த எழுத்துகள்தான் மிஞ்சும். உருபு ஒட்டிய வடிவங்களைத் தனியே பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் மாற்றை எழுதிக் கொடுங்கள்.

எட்டாம் படி: பழைய பெயர் திரும்ப நுழையாமல் காவல் வையுங்கள்

பழக்கத்தில் பழைய பெயரை எழுதுபவர்கள் இருந்துகொண்டே இருப்பார்கள். வேல் போன்ற உரைநடைச் சரிபார்ப்புக் கருவியில் பழைய வடிவங்களையும் அவற்றுக்கு மாற்றையும் கொடுத்து, ஒவ்வொரு பங்களிப்பும் அதைக் கடந்து வரும்படி செய்யுங்கள். நிரல் பகுதிகளுக்கும், மாற்றப் பதிவுக்கும், மூடிய எல்லையில் வரும் பழைய பெயருக்கும் விலக்கு கொடுங்கள். முதல் சில வாரங்களுக்கு எச்சரிக்கையாக மட்டும் வைத்து, தவறான எச்சரிக்கைகளைக் களைந்த பிறகு தடையாக மாற்றுங்கள். முதல் நாளே தடையாக வைத்தால், அடுத்த நாளே யாராவது விதியை அணைத்துவிடுவார்கள்.

அதே நேரத்தில் பழைய பெயரைத் தேடுபவருக்குக் கதவைச் சாத்தக் கூடாது. சொல்லடைவில் 'ஓஎஸ் எக்ஸ்: மேக்ஓஎஸ் பார்க்க' என்ற வரியும், நிறுவல் பக்கத்தின் தேடு சொற்களில் பழைய பெயர்களும் இருக்கட்டும்.

ஒன்பதாம் படி: இயந்திரப் பெயர்களைத் தொடர்ந்து கண்காணியுங்கள்

நான்காம் படியில் இயந்திரம் பேசும் பெயர்கள் என்று ஒதுக்கியவற்றைத் தனிக் கோப்பாக எடுத்து வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அந்த விடையைத் தரும் கட்டளையும், கடைசியாக எந்தப் பதிப்பில் சோதித்தீர்கள் என்பதும் இருக்க வேண்டும். இயங்குதளத்தின் ஒவ்வொரு பெரிய வெளியீட்டின்போதும் அந்தக் கட்டளைகளை ஓட்டி விடைகளை ஒப்பிடுங்கள். முடிந்தால் தானியங்கிச் சோதனையிலேயே சேர்த்துவிடுங்கள். விடை மாறிய நாளில், அந்த வரியையும் அதை நம்பி எழுதிய மாதிரி ஸ்கிரிப்டுகளையும் மட்டும் திருத்தி, எந்தப் பதிப்பு முதல் மாறியது என்பதைப் பக்கத்திலேயே குறித்துவிடுங்கள்.